எழுந்து நட!

மோர் விற்ற பையனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேளாங்கண்ணிக்கு ஒருமுறை போய் வந்தவர்கள்கூட அவன் கதையைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள்.

16-ம் நூற்றாண்டின் கடைசி வருடங்கள் என்கிறது மரபுக் கதை. ஊரில் நடுத்திட்டு என்று ஓர் இடம். அங்கே ஓர் ஆலமரம். நிழலில் உட்கார்ந்து வழிப்போக்கர்களுக்கு மோர் விற்கிறான், கால் ஊனமான ஓர் ஏழைப் பையன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து குழந்தைக்கு மோர் கேட்கிறாள். கொடுக்கிறான். 'நாகப்பட்டினத்துக்குப் போ. அங்கே இருக்கிற ஒரு பெரியவரிடம் எனக்கு இங்கே கோயில் கட்டச் சொல்' என்கிறாள் அவள். நடக்க முடியாதவன் எப்படிப் போவான்? 'எழுந்து நட' என்கிறாள். எழுந்தான். நடந்தான். நடக்க முடிகிறது என்று தெரிந்ததும் நாகப்பட்டினம் வரைக்கும் ஓடியே போனான்.

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இந்த வாரம் நமக்கு வேண்டியது அந்த அற்புதம் அல்ல. அந்த இரண்டே இரண்டு வார்த்தைகள்தான். எழுந்து நட!

ஆலமரத்தடியில் சொல்லப்பட்டதாக ஜனங்கள் நம்புகிற இந்த வார்த்தைகளை, வயதானவர்களிடம் தைரியமாகச் சொல்ல மருத்துவ உலகத்துக்கு 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது. அதுவரை டாக்டர்கள் சொன்னது நேர் எதிரான வார்த்தை: 'படுங்க.'

என் அப்பாயி கீழ்வேளூர்ப் பக்கம் வயலில் நாற்று நட்டவர். முழங்கால் சேற்றில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த உடம்பு. ஒவ்வொரு செப்டம்பரும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போவார். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அதனால் என்ன? டெல்டாவில் மாதாவுக்கு நேர்ந்துகொள்ள யாரும் ஜாதி, மதம் பார்ப்பதில்லை.

எழுபத்தெட்டு வயதில் ஒருநாள் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். 'வயசாயிடுச்சு, அசையாம படுத்திருக்கட்டும்' என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். படுத்த இடத்துக்கே சோறு. படுத்த இடத்திலேயே எல்லாம். எழுந்திருக்கப் பார்த்தால் பத்துப் பேர் ஓடிப்போய்த் தடுத்தோம். அவ்வளவு பாசம்! மூன்று வாரம் கழித்து, கைத்தாங்கலாகப் பிடித்து நிறுத்தினால் கால் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாயி நடக்கவே இல்லை.

விழுந்ததால் அவர் முடங்கினார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. படுக்க வைத்ததால் முடங்கினார்.

எப்படிச் சொல்கிறேன்? அமெரிக்காவுக்கு வாருங்கள். வருடம் 1966. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரம். ஆரோக்கியமான ஐந்து வாலிபர்கள், எல்லோருக்கும் இருபது வயது. 'மூன்று வாரம் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது' என்று படுக்க வைத்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். முன்னும் பின்னும் அவர்கள் உடம்பின் உழைக்கும் திறனை அளந்தார்கள். பயங்கர வீழ்ச்சி! அதோடு கதை முடியவில்லை. முப்பது வருடம் கழித்து 1996-ல் அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். இப்போது ஐம்பது வயது. தொப்பை விழுந்திருந்தது. ஆனால், முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, அன்றைக்கு மூன்று வாரப் படுக்கை பறித்ததுதான் அதிகம்!

இருபது வயதுக்காரனுக்கே இந்தக் கதி என்றால், எழுபத்தெட்டு வயது அப்பாயிக்கு?

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், தசை ஒரு சேமிப்புக் கணக்கு. இளமையில் இருப்பு நிறைய. கொஞ்சம் எடுத்தாலும் தெரியாது. முதுமையில் மினிமம் பேலன்ஸை ஒட்டித்தான் வண்டி ஓடுகிறது. மூன்று வாரப் படுக்கை என்பது மொத்தத்தையும் ஒரே செக்கில் எடுத்துவிடுகிற வேலை.

இதை முதலில் உணர்ந்து செயலில் காட்டியவர்களில் ஒருவர் மார்ஜரி வாரன் என்கிற ஆங்கிலேயப் பெண் டாக்டர். 1935-ல் லண்டன் அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் வார்டுகளை ஏற்றுக்கொண்டது. எழுநூறு பேருக்கு மேல். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று வருடக்கணக்கில் படுக்கையில் போட்டு வைக்கப்பட்டிருந்த கிழவர்கள், கிழவிகள். வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். படுக்கையிலிருந்து எழுப்பினார், நடக்கப் பழக்கினார். பலர் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள்! முதியோர் மருத்துவம் என்கிற தனித் துறை பிறந்தது இப்படித்தான். 1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்கிற இன்னொரு டாக்டர், படுக்கையில் கிடப்பதால் வரும் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்.

சரி, எழுப்பிவிட்டால் போதுமா? இழந்த தசை திரும்ப வருமா? அதுவும் தொண்ணூறு வயதில்?

1990-ல் பாஸ்டன் நகரிலிருந்து வந்தது பதில். மரியா ஃபியாட்டரோன் என்கிற டாக்டரும் அவர் குழுவும் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. அவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி! எட்டே வாரம். கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய கால் தசை வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

கைதட்டுவதற்கு முன்னால் அந்த ஆராய்ச்சியின் கடைசிப் பகுதியையும் கேட்டுவிடுங்கள். பயிற்சியை நிறுத்தி நான்கே வாரத்தில், வலிமையில் 32 சதவிகிதம் போய்விட்டது.

பிரச்னை இதுதான். தொண்ணூறு வயதிலும் தசை வளரும். ஆனால் விடாமல் செய்ய வேண்டும். இன்றைக்கும், நாளைக்கும், அடுத்த மாதமும். யார் தினமும் பக்கத்தில் நின்று 'எழுந்திருங்க, இன்னும் அஞ்சு தடவை' என்று சொல்வது? உலகத்தில் இருக்கிற பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரையும் திரட்டினாலும் போதாதே!

'ஆள் போதவில்லையா? எந்திரத்தை வையுங்கள்' என்று ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே முயன்று பார்த்துவிட்டார். அவர் பெயர் குஸ்தாவ் ஸான்டர். ஸ்வீடன் நாட்டு டாக்டர்.

உடற்பயிற்சியை வைத்தியமாக்குவதில் ஸ்வீடன்காரர்கள் முன்னோடிகள். பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-லேயே ஸ்டாக்ஹோமில் அதற்கு ஒரு கல்லூரி தொடங்கிவிட்டார். அவர் முறையில் பயிற்சியாளர் தன் கையாலேயே நோயாளியின் கை, கால்களைப் பிடித்து அசைக்க வேண்டும், எதிர்ப்புக் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரைத்தான் கவனிக்க முடியும்? ஸான்டர் யோசித்தார். 1865-ல் ஸ்டாக்ஹோமில் தன் நிலையத்தைத் திறந்தார். நெம்புகோல், சக்கரம், எடைக்கல் என்று விதவிதமான எந்திரங்கள். சிலவற்றை நோயாளி தள்ள வேண்டும். சிலவற்றில் நோயாளி சும்மா உட்கார்ந்தால் போதும், நீராவி எஞ்சின் அவரை ஆட்டிவிடும்! இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கிற ஜிம் மெஷின்களின் கொள்ளுத் தாத்தா இவைதான்.

ஐரோப்பா, அமெரிக்கா என்று ஸான்டர் நிலையங்கள் பரவின. ஆனால் எந்திரங்கள் விலை அதிகம், இடம் அதிகம். ஏழைக் கிழவரின் வீட்டுக்கு நீராவி எஞ்சின் வருமா என்ன? பணக்காரர்கள் ஓய்வெடுக்கப் போகிற ஊர்களின் ஆடம்பரமாக அவை மாறின. முதல் உலகப் போருக்குப் பிறகு மங்கி மறைந்தன.

ஸான்டரின் கேள்வி சரி. பதிலில்தான் கோளாறு. நோயாளி எந்திரத்தைத் தேடி வரவேண்டியிருந்தது. யாருக்கு மிகவும் தேவையோ அவரால் வர முடியாது. அதுதானே அவருடைய வியாதியே!

பல வருடங்கள் கழித்து நியூஸிலாந்துக்காரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம். 1997-ல் முதல் முடிவுகள் வெளிவந்தன. எண்பது வயது தாண்டிய பெண்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போனார். இரண்டு மாதத்தில் நான்கு தடவை. கணுக்காலில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன எடை, செய்ய வேண்டிய பயிற்சிகளின் படம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு? அவ்வப்போது ஒரு போன் கால். 'செய்றீங்களா?' என்று ஒரு விசாரிப்பு. இந்த முறையைச் சோதித்த நான்கு ஆராய்ச்சிகளின் முடிவைச் சேர்த்துப் பார்த்தபோது, தவறி விழுவது 35 சதவிகிதம் குறைந்திருந்தது.

கவனித்தீர்களா? நீராவி எஞ்சின் நிலைக்கவில்லை. சாதாரண டெலிபோன் கைகொடுத்தது. ஸான்டரின் எந்திரம் மனிதரின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தது. டெலிபோன் ஒரு மனிதரின் குரலை இன்னும் பல வீடுகளுக்குக் கொண்டுபோனது.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு டிஜிட்டல் யுகத்துக்குள் வருவோம்.

2006-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 'வீ' என்கிற வீடியோ கேம் கருவியைக் கொண்டுவந்தது. கையை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். அடுத்த வருடம், ஏறி நின்று விளையாடுகிற ஒரு பலகை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதிலுள்ள சென்சார்கள் சொல்லிவிடும். பேரன்களுக்காகச் செய்ததுதான். தாத்தா, பாட்டிகள் பிடித்துக்கொண்டார்கள்! முதியோர் இல்லங்களில் கேம் போட்டி நடந்தது. பிசியோதெரபிஸ்டுகள் இந்தப் பலகையை உற்றுப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் இருக்கிற விலை உயர்ந்த கருவிக்கு இணையாக இது நிற்கும் சமநிலையை அளக்கிறது என்று 2010-ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. அதே வருடம் மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' வந்தது. கையில் எதுவும் பிடிக்க வேண்டாம், கேமராவே உடம்பின் அசைவைப் படித்துவிடும்.

ஆனால் கம்பெனிக்கு லாபம்தானே முக்கியம்? 2013-ல் ஜப்பானில் 'வீ' உற்பத்தி நின்றது. 2017-ல் 'கினெக்ட்' உற்பத்தியும் நின்றது. விளையாட்டுச் சாமானை நம்பிச் சிகிச்சைத் திட்டம் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

அடுத்த முயற்சி ஆஸ்திரேலியாவில். வீட்டிலேயே டேப்லெட்டைப் பார்த்து, சமநிலைப் பயிற்சி செய்கிற ஒரு திட்டம். பெயர், 'ஸ்டாண்டிங் டால்'. எழுபது வயதுக்கு மேற்பட்ட 503 பேர், இரண்டு வருடம். 2021-ல் முடிவு வெளியானது. முதல் வருடத்தில் சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு வருட முடிவில், விழுவது 16 சதவிகிதமும், காயம்படும்படி விழுவது 20 சதவிகிதமும் குறைவு. நிதானமான, நேர்மையான கணக்கு. டேப்லெட் மந்திரக்கோல் அல்ல. விடாமல் செய்தவருக்கு, நாளானபின் பலன் தருகிறது. பாஸ்டன் சொன்ன அதே பாடம்!

நம் ஊருக்கு வருவோம். இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான இடம் உண்டு.

வேலூர் சி.எம்.சி-யில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் டாக்டர். 1954-ல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் அவர் முயற்சியில் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. அதே சி.எம்.சி-யும் சென்னை ஐ.ஐ.டி-யும் சேர்ந்து பின்னாளில் 'புளூட்டோ' என்றொரு கருவியை உருவாக்கின. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கானது. ஒரே ஒரு மோட்டார், மாற்றி மாற்றிப் பொருத்துகிற கைப்பிடிகள், எதிரே கம்ப்யூட்டர் திரையில் விளையாட்டு. நோயாளி கையை அசைக்க முயல வேண்டும். முடியாத இடத்தில் மோட்டார் கொஞ்சம் கைகொடுக்கும். மேஜை மேல் அடங்குகிற அளவுதான்.

முதியோர் மருத்துவத்திலும் சென்னைதான் இந்தியாவுக்கு வழிகாட்டி. டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

சரி, வேளாங்கண்ணிப் பக்கத்துக் குக்கிராமத்தில் முடங்கிக் கிடக்கிற பாட்டி கிண்டிக்கு வர முடியுமா?

அதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முக்கியம் என்கிறேன். பி.பி., சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிற திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. நியூஸிலாந்துக்காரர்கள் செய்த அதே காரியம், நம் ஊர் அளவில்!

ஆனால் ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு எத்தனை ஊர்? எத்தனை வாய்க்கால் தாண்டிப் போக வேண்டும்? 2021-ல் தமிழக ஜனத்தொகையில் அறுபது வயது தாண்டியவர்கள் 13.6 சதவிகிதம், 2031-ல் இது 18.2 சதவிகிதமாகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. டெல்டாவில் பிள்ளைகள் திருப்பூரிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் இந்தத் தடவை வந்து போனதற்கும் அடுத்த தடவை வருவதற்கும் நடுவே இருக்கிற நாட்களில், 'எழுந்திருங்க' என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அந்த இடைவெளிக்குத்தான் டிஜிட்டல் தேவை. பெரிய ரோபோ எல்லாம் வேண்டாம். பாட்டி கையில் இருக்கிற செல்போனே போதும். 'வயசானவங்களுக்கு அதெல்லாம் பழக்கம் வராது' என்கிறீர்களா? ஆகஸ்ட் 29-ம் தேதி வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை, போக முடியாத எத்தனை பாட்டிகள் செல்போனில் நேரலையாகப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் தெரியுமா? பேரனுடன் வீடியோ காலில் பேசத் தெரிந்தவருக்கு, அதே வீடியோ காலில் பேரன் முன்னால் பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவும் தெரியும்.

அளப்பதற்கும் ஒரு சுலபமான வழி உண்டு. பெயரே நம் தலைப்புதான்! 1986-ல் இங்கிலாந்தில் மத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் என்ற மூவர் 'எழுந்து நட' என்கிற அர்த்தத்திலேயே ஒரு பரிசோதனையை வகுத்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். முதியவர்கள் அப்படிச் செய்வதை அன்றைக்கு வீடியோவில் பதிவு செய்து, பார்த்து மார்க் போட்டார்கள். 1991-ல் கனடாவில் இரண்டு பேர் ஸ்டாப்வாட்ச் சேர்த்தார்கள். பன்னிரண்டு விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழுகிற ஆபத்து உண்டு என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம். வீடியோ, ஸ்டாப்வாட்ச் இரண்டுமே இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில், ஒரே போனில் இருக்கின்றன.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இதைச் செய்து பாருங்கள். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். விநாடி கூடுதலா? டாக்டரிடம் காட்டி, பிசியோதெரபிஸ்ட் என்ன பயிற்சி சொல்கிறார் என்று எழுதி வாங்குங்கள். எலும்பு முறிவோ, மயக்கமோ, நெஞ்சுவலியோ இருந்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். ஊருக்குத் திரும்பிய பிறகு, நியூஸிலாந்துக்காரர்கள் செய்த வேலையை நீங்கள் செய்யுங்கள். போன் போட்டு, 'சாப்பிட்டீங்களா?' என்பதோடு நிறுத்தாமல், 'இன்னிக்கு எத்தனை தடவை எழுந்தீங்க?' என்றும் கேளுங்கள்.

வேளாங்கண்ணிக் கோயிலின் காணிக்கைப் பொருட்காட்சியில், நேர்ந்துகொண்டவர்கள் செலுத்திய வெள்ளிக் கால்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒருத்தர் நடந்த சந்தோஷம். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வரும். அவருக்கு நாங்கள் சோறு கொடுத்தோம், மாத்திரை கொடுத்தோம், மாதாவிடம் நேர்ந்தும்கொண்டோம்.

எழுந்து நடங்க என்று மட்டும் யாருமே சொல்லவில்லை.